குழாய் இருமிய நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கியம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் செருப்பு இரண்டிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. மழையில் பஸ் ஓடவில்லை. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வந்திருந்தாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கையிலிருந்த ஃபைலை அரிசிக் கடைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். ஃபைலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“உள்ளே வாம்மா” என்றேன்.

“வேண்டாம் சார், தரையெல்லாம் பாழாப்போகும். இங்கனயே நிக்கேன்.”

மிதியடியின் மேல் நின்றபடியே பேசினாள். என்னிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். அதற்கு முன் ஒருமுறைகூட என் வீட்டுக்கு வந்ததில்லை.

“ஒரே ஒரு ஈமெயில் சார். நாலு வரி போதும். புதன்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அவுகளுக்குப் போயிரணும்.”

“நீ கவலைப்படாமப் போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு “சரி சார், வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். செருப்பின் சளக் சளக் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. இன்றும் மழை நாளில் யாராவது எங்கள் கட்டடத்தில் படியிறங்கினால், அந்தச் சத்தம் அடங்கும் வரை நான் கதவைத் திறப்பதில்லை.

ஒரு வாசகரின் கேள்வி

மூன்று வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், முப்பத்தைந்து வயதில் நான் உதவித்தொகை பெற்று வெளிநாட்டில் மேற்படிப்புப் படித்த கதையை எழுதியிருந்தேன். என் அன்றைய மேலதிகாரி குல்கர்ணி எழுதிய பரிந்துரைக் கடிதத்தால்தான் அது நடந்தது என்றும் சொல்லியிருந்தேன். நான் அவருக்கு உறவில்லை; அவர் மொழி பேசுகிறவன்கூட இல்லை. ஒரு பம்ப் ஹவுஸ் கணக்கில் நான் செய்த பிழையையும், அதை நானே கண்டுபிடித்து அவரிடம் போய்ச் சொன்னதையும் அவர் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். தன் தப்பைத் தானே சொல்கிறவன் என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த நற்சான்று.

பலர் பாராட்டி எழுதினார்கள். கல்யாணிலிருந்து ஒரு வாசகர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘ஐயா, நீங்கள் பெரிய பதவிக்கு வந்த பிறகு இப்படி எத்தனை பேரை அனுப்பி வைத்தீர்கள்?’

ஒருவனை அனுப்பினேன். அவன் இடத்தில் போயிருக்க வேண்டியவள் வேறு ஒருத்தி. இதை எழுதாமல் குல்கர்ணியைப் பற்றி மட்டும் எழுதிக் கைதட்டு வாங்கியது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆகவே இந்த வாரம்.

நாற்பத்தொரு நாள்

செம்பூரில் குடிநீர்க் குழாய்களுக்குத் திட்டம் வரைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் தலைமைப் பொறியாளராக இருந்தேன். இசக்கியம்மாள் எனக்குக் கீழே இருந்த பொறியாளர். அப்பா தோல் பட்டறைத் தொழிலாளி. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்தது தாராவி. முதலில் டிப்ளமோ, பிறகு வேலை பார்த்துக்கொண்டே சாயங்கால வகுப்பில் பட்டம்.

கோவண்டியில் ஒரு குடியிருப்பில் குழந்தைகளுக்குத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு. குடிநீரில் எங்கோ சாக்கடை கலக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. பூமிக்கடியில் குழாய் எப்படிப் போகிறது என்பதற்கு வரைபடமே கிடையாது. ஆளாளுக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். முழுவதையும் தோண்டவும் முடியாது, மேலே வீடுகள்.

மும்பைக் குடிசைப் பகுதியில் தண்ணீர் நாள் முழுக்க வராது. குறிப்பிட்ட நேரத்தில் திறந்துவிடுவார்கள். தண்ணீர் வருவதற்கு முன் குழாயிலிருக்கும் காற்று வெளியே வரும். அப்போது குழாய் இருமும். வயதானவர் காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமுவது போல இரண்டு, மூன்று தடவை. அந்தச் சத்தம் கேட்டதும் “நல் காஸ் ரஹா ஹை!” குழாய் இருமுகிறது என்று இந்தியில் கூவிக்கொண்டு பெண்கள் குடத்தோடு ஓடி வருவார்கள்.

இசக்கி அந்த இருமலைப் பிடித்துக்கொண்டாள். கல்லி என்று அங்கே சொல்லும் சந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணாகப் பார்த்து, பழைய காலண்டர் தாளும் ஒரு பென்சிலும் கொடுத்தாள். ‘குழாய் இருமியதும் மணி பார்த்து எழுதுங்கள்’ என்றாள். மணி பார்க்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாற்பத்தொரு நாள். தினமும் காலையில் செம்பூரைத் தாண்டிக் கோவண்டிக்குப் போய்த் தாள்களை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பி வருவாள். சில தாள்களில் மஞ்சள் கறை, சிலவற்றில் மீன் வாசனை.

மெயின் குழாயிலிருந்து தூரத்திலிருந்த ஆறாவது கல்லியில் குழாய் இருமிப் பதினொரு நிமிடம் கழித்துத்தான், அருகிலிருந்த ஐந்தாவது கல்லியில் இருமியது. அப்படி நடக்கக் கூடாது; ஐந்தாவது கல்லிக்குப் போகும் குழாயில்தான் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அவள் கை காட்டிய இடத்தைத் தோண்டினார்கள். சாக்கடைக்குள்ளேயே குழாய் போயிருந்தது. அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை.

குழாயை மாற்றினார்கள். அறிக்கையைத் தயாரித்தது கார்த்திக். என் மனைவி மாலதியின் தங்கை சுமதியின் மகன். நான்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்திருந்தேன். கணினியில் கெட்டிக்காரன். அட்டவணைகளை வண்ணத்தில் போட்டான். அட்டையில் என் பெயர், அவன் பெயர். கடைசிப் பக்கத்தில் ‘களப் பணியாளர்கள்’ என்ற பட்டியலில் இசக்கியம்மாள். அதில் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

இரண்டு டிராஃப்ட்

ஒரு வெளிநாட்டு அரசின் உதவித்தொகை. பத்து வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்களுக்கானது. ஒரு வருட மேற்படிப்பு, எல்லாச் செலவும் அவர்களுடையது. நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. மேலதிகாரி ஒரு பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும். விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா என்பதை அவர்கள் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்த வருடம் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். கார்த்திக்குக்கு முப்பத்துமூன்று. இசக்கிக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. அவளுக்கு அந்த ஒரு தடவைதான்.

நம் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால் மேலதிகாரி, “டிராஃப்ட் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்” என்பார். தன்னைப் புகழ்ந்து தானே எழுதிக்கொண்டு வர வேண்டும். குல்கர்ணி எனக்கு அப்படிச் செய்யவில்லை. நான் இருவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

இசக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். முழுக்கக் கோவண்டி. ஐந்தாவது கல்லி சகுந்தலா, ஆறாவது கல்லி நூர்ஜஹான் என்று மணி பார்த்து எழுதியவர்களின் பெயரெல்லாம் இருந்தது. தன்னைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி: ‘இவர் அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததில்லை.’ படித்துச் சிரித்தேன்.

கார்த்திக்கின் டிராஃப்டில் தலைமைப் பண்பு, தொலைநோக்கு எல்லாம் இருந்தன. அவன் என்ன வேலை செய்தான் என்பது மட்டும் இல்லை.

“பெரியப்பா, வெறும் வார்த்தையா இருக்கு. கன்கிரீட்டா ஒரு எக்ஸாம்பிள் கேக்கறா. ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் போடுங்கோளேன்” என்றான்.

மேஜையில் அவளுடைய இரண்டு பக்கம் கிடந்தது. அதிலிருந்ததை அப்படியே எடுத்துக் கார்த்திக்கின் கடிதத்தில் போட்டேன். நாற்பத்தொரு நாள், காலண்டர் தாள், பென்சில், பதினொரு நிமிடம். சகுந்தலாவின் பெயரைக்கூட நீக்கவில்லை. அது இருந்தால்தான் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இசக்கிக்கு வேறொன்று அனுப்பினேன். அது என் கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். வீட்டுக் கடனுக்கும் விசாவுக்கும் பிள்ளையின் பள்ளி அட்மிஷனுக்கும் எல்லோருக்கும் நான் கொடுத்த அதே கடிதம். நேர்மையானவர், கடுமையாக உழைப்பவர், சொன்னதைக் கேட்பவர். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.

இணையப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரர் உங்கள் உறவினரா? கார்த்திக்குக்கு ‘இல்லை’ என்பதில் டிக் போட்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டால், சொந்தக்காரன் என்பது பாதிப் பதில்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். இசக்கி போவாள் என்று நான் நினைக்கவே இல்லை. தாராவிப் பெண், டிப்ளமோ, ராத்திரிப் படிப்பு. விண்ணப்பம் போட்டதே அவளுக்குப் பெரிது, அந்தத் திருப்தி போதும் என்று நினைத்தேன். அவளிடமிருந்து எதையும் எடுத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஏதாவது கிடைக்கக்கூடும் என்று நம்பியிருந்தால்தானே அப்படித் தோன்றும்?

மிதியடி மேல் சொன்னது

அவள் நேர்முகத் தேர்வு வரை போனாள். விண்ணப்பத்தோடு அவளே எழுதி அனுப்பிய கட்டுரையால் போனாள். கார்த்திக்கும் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது இதுதான்.

“மூணு பேரு உக்காந்திருந்தாவ சார். நல்லாத்தான் பேசுனாவ. கோவண்டி மேட்டர் வந்ததும் ஒரு அம்மா கேக்காவ, ‘இதே வேலைய வேற ஒருத்தர் செஞ்சதா எங்களுக்கு லெட்டர் வந்திருக்கு. உங்க மேலதிகாரி உங்களப் பத்தி எழுதுனதுல இது ஒரு வரிகூட இல்லையே. நீங்கதான் செஞ்சதுன்னு நாங்க எப்படி நம்ப?’ன்னு. எனக்குக் காது அடச்சுப்போச்சு சார்.”

“நீ என்ன சொன்னே?”

“எங்க சாரக் கேளுங்கன்னு சொன்னேன்.”

நான் அப்போது கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. “யார் பேர்ல வந்திருக்குன்னு சொன்னாளா?” என்று கேட்டேன். அவளுக்காகக் கேட்கவில்லை.

“பேரு சொல்லல சார்” என்றாள். “சாரு ஒரு மெயில் போட்டா ஒத்துக்கிடுதோம்னு சொன்னாவ. புதன்கிழமை வரைக்கும் டைம்.”

கதவை மூடியதும் மாலதி சமையலறையிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“என்ன எழுதப்போறேள்?”

“உண்மையத்தான் எழுதணும்.”

“எழுதினா கார்த்திக்குக்கு?”

நான் ஈர மிதியடியை எடுத்து வெளியே உதறினேன்.

“அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. இது இல்லேன்னா இன்னொண்ணு. இவன் அப்படியா? சுமதி மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

மாலதி இப்போது இல்லை. பழியை அவள்மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் கேள்விதான் கேட்டாள். முடிவு என்னுடையது.

சலூன்

திங்கட்கிழமை அந்த நான்கு வரிகளை எழுதினேன். அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்துத் திருத்தினேன். ‘இவர்தான் செய்தார்’ என்பதை ‘இவரும் பங்கேற்றார்’ என்று மாற்றினேன். அதைப் படிக்க எனக்கே சகிக்கவில்லை. மறுபடி பழையபடி ஆக்கினேன்.

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். போனை வீட்டில் வைத்துவிட்டு மாட்டுங்காவில் நான் வழக்கமாகப் போகும் சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் முடி வெட்டியிருந்தேன்.

“அரே சாப், என்னத்தை வெட்டறது?” என்று சிரித்தான் கடைக்காரன்.

“இருக்கறதை வெட்டு” என்றேன்.

பிடரியில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினான். எதிர்க் கண்ணாடிக்கு மேலே கடிகாரம். கண்ணாடியில் என் முகத்தையும் பார்க்க முடியவில்லை, கடிகாரத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்தே இருந்தேன். அவனுக்கு அது வசதியாக இருந்தது. நிமிர்ந்தபோது ஐந்தே கால்.

பிறகு

கார்த்திக்குக்குக் கிடைத்தது. இசக்கிக்குக் கிடைக்கவில்லை.

அதோடு முடியவில்லை. ‘கார்த்திக் சாரோட வேலைய அவ தன்னோடதுன்னு போட்டாளாம், இன்டர்வியூல மாட்டிக்கிட்டாளாம்’ என்று ஆபீஸில் பேச்சுக் கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. டீ குடிக்கும் இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். “சும்மா இருங்கப்பா, போனது போகட்டும்” என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் பெருந்தன்மையைப் பற்றிக்கூட ஒருவன் பேசினான்.

இரண்டு மாதத்தில் அவள் ராஜினாமா செய்தாள். கடிதத்தை என் மேஜையில் வைத்து, “வாரேன் சார்” என்றாள். அவ்வளவுதான். மெயில் அனுப்பினீர்களா என்று அன்றும் கேட்கவில்லை.

கார்த்திக் படித்தான், திரும்பி வந்தான், உதவித்தொகை நிபந்தனைப்படி இங்கே இருக்க வேண்டிய காலம் முடிந்ததும் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டான். இப்போது அவன் வேலைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. மாலதியின் காரியத்துக்கு வந்தபோது பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: “பெரியப்பா, அந்தக் குழாய் மேட்டர்தான் இன்டர்வியூல க்ளிக் ஆச்சு. சூப்பர் ஸ்டோரி. எங்க அது, மான்குர்துதானே?”

“கோவண்டி” என்றேன்.

“ஆங், கோவண்டி” என்று ரசத்துக்கு இலையில் குழி செய்துகொண்டான்.

தாராவியில்

போன வாரம் இசக்கியம்மாளைத் தேடிப் போனேன். சயானில் இறங்கி, பழைய ஆபீஸ் பியூன் கொடுத்த அடையாளத்தை வைத்து விசாரித்தேன். சுவரெல்லாம், குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காகச் சர்வேக்காரர்கள் எழுதிய எண்கள். அவள் வீட்டுச் சுவரிலும் இருந்தது. கீழே ஒரு சின்ன அறை. குழாய்த் துண்டுகள், வால்வுகள், ஒரு கம்ப்யூட்டர். ஹவுசிங் சொசைட்டிகளுக்குத் தண்ணீர் லைன் போட்டுக் கொடுக்கிறாள். தலை பாதி நரைத்திருந்தது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது.

“யாருட்டி அது?”

“பழைய ஆபீஸ் சாரும்மா.”

“ஒன்ன லண்டனுக்கு அனுப்புதேன்னு சொன்னாரே, அவரா?”

“ஆமா, அவருதான். நீ சும்மா கெட.” என்னிடம், “அவளுக்கு வெளிநாடுன்னா எல்லாம் லண்டன்தான்” என்று சிரித்தாள்.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய டிராஃப்ட், கார்த்திக்கின் கடிதம், உறவில்லை என்று போட்ட டிக், அனுப்பாத மெயில், சலூன். நடுவில் அவள் போன் இரண்டு தடவை அடித்தது; அணைத்து வைத்தாள். முடித்ததும் சொன்னாள்:

“தெரியும் சார்.”

“எப்போ தெரிஞ்சது?”

“அன்னைக்கே. அந்த அம்மா லெட்டர்லருந்து ஒரு வரி வாசிச்சுக் காட்டுனாவ. ‘ஐந்தாவது கல்லி சகுந்தலா பென்சிலைத் தாலிக்கயிற்றில் கட்டி வைத்திருந்தார்.’ அது நான் எழுதுன வரி சார். உங்க மேஜைலருந்துதான் போயிருக்க முடியும்.”

“தெரிஞ்சுமா அன்னிக்கு மழைல என் வீட்டுக்கு வந்தே?”

“பின்ன? சத்தம் போட்டுருந்தா நீங்க அடியோட இல்லன்னுருவிய. தெரியாத மாதிரி வந்து நின்னா, நீங்களும் யாருக்கும் தெரியாமலே சரி பண்ணிரலாம்லா. மூணு நாள் இருந்துச்சே சார். எழுதிருவியன்னு நெனச்சேன்.”

தண்ணீரைக் கீழே வைத்தேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அது எதுக்கு சார் இப்ப?” என்று நிறுத்திவிட்டாள். “எங்க கல்லிப் பேப்பர் கடைல உங்க தொடர் வருது. கடை அண்ணாச்சி வாசிச்சுச் சொன்னாரு, உங்களுக்கு உங்க சாரு எழுதுன லெட்டர் கதைய. நல்லா இருந்துச்சு.”

அவள் முகத்தில் கேலி இருந்ததா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாசல் வரை வந்தாள். “தொடர்ல எல்லாருக்கும் பேர மாத்திப் போடுதியளாமே?”

“ஆமாம்.”

“எனக்கு மாத்தாதீங்க சார். செம்பூர்ல இன்னும் என்னயத் திருடின்னு சொல்லுத ஆளு இருக்கு. அம்மா சாகதுக்குள்ள அண்ணாச்சி அவளுக்கு வாசிச்சுக் காட்டட்டும்.”

கார்த்திக், மாலதி, சுமதி, குல்கர்ணி எல்லாம் மாற்றிய பெயர்கள். இசக்கியம்மாள் மட்டும் மாற்றாத பெயர். அந்தப் புதன்கிழமை ஐந்து மணிக்குள் நான் அனுப்பியிருக்க வேண்டிய நான்கு வரிகள் கீழே.

கோவண்டியில் குழாய் இருமிய நேரத்தை நாற்பத்தொரு நாள் சேகரித்து, ஓட்டையைக் கண்டுபிடித்தவர் இசக்கியம்மாள்.

கார்த்திக் அந்தக் கல்லிகளுக்குள் ஒருமுறையும் போனதில்லை.

கார்த்திக் என் உறவினர்.

அவருக்காக நான் அனுப்பிய கடிதத்தில் உள்ளவை இசக்கியம்மாள் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தவை. அவற்றை எடுத்தவன் நான்.